இரண்டு விநாடி கெடு

கிராபிக்ஸ் கார்டு டிரைவரால் படுத்துவிடும் கம்ப்யூட்டர்கள்: பழி யார் மேல், செலவு யார் தலையில்?

மதுரையில் ஒரு மாடி அறை. இரவு பதினொன்றரை. காலை எட்டு மணிக்குள் நாற்பது பக்கக் கல்யாண ஆல்பம் லேபுக்குப் போயாக வேண்டும். முப்பத்தோராம் பக்கத்தில் மாலை மாற்றும் படத்தைப் பெரிதாக்குகிறார் டிசைனர் தம்பி. திரை உறைந்து நிற்கிறது. ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மூச்சு விடும் நேரம் திரை முழுக்கக் கறுத்து, பிறகு படம் திரும்பி வருகிறது.

"பாருங்கண்ணே, இன்னும் ரெண்டு மூணு தடவை இப்படி வரும். அப்புறம் நீலமாயிரும்."

சொன்னபடியே ஆனது. நீலத்திரையில் 'வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்' என்ற வரி. அதற்குக் கீழே கிராபிக்ஸ் டிரைவர் கோப்பின் பெயர். சேமிக்காமல் விட்ட இருபத்தைந்து நிமிட வேலை போயே போய்விட்டது.

மூன்று வாரமாக இதே கதை என்றார். முதல் கடையில் ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது கடையில் ரேமை மாற்றினார்கள். மூன்றாவது கடைக்காரர் திரையைப் பார்த்ததுமே, "கார்டு போயிருச்சு தம்பி, புதுசு போடணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றாராம். பணத்துக்கு எங்கே போவது என்ற யோசனையில் இருந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டரின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த நீலத்திரை உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஃப்ளெக்ஸ் கடை, எடிட்டிங் அறை, கட்டட வரைபடம் போடும் அலுவலகம், பிள்ளைகள் விளையாடும் வீட்டு மேசை என எல்லா இடத்திலும் இதே திரை வருகிறது. பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே பணம் கட்டுகிறார்கள்.

விண்டோஸ் வைக்கும் கெடு

டிரைவர் என்பது ஒரு மென்பொருள். கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அது. 'இந்தப் படத்தைப் பெரிதாக்கு' என்று விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. கொடுத்த வேலைக்குக் கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கார்டு உறைந்துவிட்டதாக முடிவுசெய்து, டிரைவரையும் கார்டையும் உலுக்கி மறுபடி கிளப்புகிறது விண்டோஸ். திரை கறுத்துத் திரும்பும் நேரம் அதுதான். இந்த ஏற்பாட்டின் பெயரைத்தான் டி.டி.ஆர். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அறுபது விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தாலோ, உலுக்கியும் கார்டு எழுந்திருக்காவிட்டாலோ, இனிமேல் ஓடுவது ஆபத்து என்று விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. அதுதான் நீலத்திரை. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் 2025 முதல் அது கறுப்புத்திரையாக மாறியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விண்டோஸுக்குத் தெரிந்தது 'பதில் வரவில்லை' என்பது மட்டும்தான். ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தப்பாகச் சொல்லியிருக்கலாம். கார்டு சூடேறி மயங்கியிருக்கலாம். கார்டுக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் தொய்ந்திருக்கலாம். கார்டின் நினைவகச் சில்லு செத்துக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் விண்டோஸ் கடைசியாகப் பேசிய ஆள் டிரைவர் என்பதால், திரையில் வருவது டிரைவரின் பெயர். அந்தப் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

ஒரு டிரைவர் தடுக்கி விழுந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் ஏன் விழ வேண்டும்? விடை 1996-இல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் என்.டி. 4.0-இல், வேகம் வேண்டுமென்று கிராபிக்ஸ் டிரைவரை விண்டோஸின் கருவறையான கெர்னலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே தவறு நடந்தால் மற்ற எல்லாமே நிலைகுலையும். 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது டிரைவரை இரண்டாகப் பிரித்து, பெரும்பகுதியை வெளியே எடுத்துவிட்டார்கள். இரண்டு விநாடி கெடுவும் விஸ்டாவோடு வந்ததுதான். ஆனாலும் ஒரு பகுதி இன்றுவரை உள்ளேயேதான் இருக்கிறது. கெர்னலுக்குள் இருக்கும் ஒரு சிறு தவறு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது கிராபிக்ஸ் டிரைவர் இல்லை என்றாலும், உட்கார்ந்திருந்த இடம் அதே கெர்னல்தான்.

▣ பெட்டிச் செய்தி: விஸ்டா காலத்துக் கணக்கு

விஸ்டா விற்பனை தொடர்பாக மைக்ரோசாப்ட் மேல் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. அதில் 2008-இல் வெளியான நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களில், 2007-இல் பதிவான விஸ்டா முடக்கங்களின் ஒரு பட்டியல் இருந்தது. கிராபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியாவின் டிரைவர்கள் 28.8 விழுக்காடு. மைக்ரோசாப்டின் சொந்த மென்பொருள் 17.9. ஏ.டி.ஐ. 9.3. இன்டெல் 8.8. ஏ.டி.ஐ. என்பதுதான் இன்றைய ஏ.எம்.டி.யின் கிராபிக்ஸ் பிரிவு.

டிரைவரே தப்புச் செய்த நாட்கள்

டிரைவர் எப்போதும் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற பதிப்பில், கார்டின் மின்விசிறி சரியாக வேகமெடுக்கவில்லை. சூடேறிக் கார்டுகள் பழுதாகின்றன என்று பயனர்கள் கதறினார்கள். தன் ரசிகர்கள் அந்தப் பதிப்பைப் போட வேண்டாம் என்று கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனமான பிளிஸார்டு எச்சரித்தது. என்விடியா அதைத் திரும்பப் பெற்றது. மென்பொருள் கோளாறு ஒன்றால் கார்டையே கெடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

2019 ஜூலையில் ஏ.எம்.டி. கொண்டுவந்த ஆர்.எக்ஸ். 5700 வரிசை, திரை திடீர் திடீரெனக் கறுத்துப்போகிறது என்ற புகாரோடுதான் பல மாதம் ஓடியது. 2020 பிப்ரவரியில் வந்த 20.2.2 பதிப்பில்தான் அந்தக் கோளாறுகள் பலவற்றைச் சரிசெய்தார்கள். நல்ல பணம் கொடுத்து வாங்கியவர்கள் அரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மானிட்டர் கேபிளையும் மாற்றிப் பார்த்திருப்பார்கள்!

கடைசியாக 2025. ஜனவரி 30 அன்று ஆர்.டி.எக்ஸ். 5090, 5080 கார்டுகளோடு 572.16 என்ற டிரைவர் வந்தது. புதிய கார்டு வாங்கியவர்களுக்குத் திரை கறுத்தது. பழைய 30, 40 வரிசைக் கார்டுகளோடு நிம்மதியாக இருந்த பலருக்கும், அப்டேட் போட்ட பிறகு அதே தொல்லை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, ஏப்ரலில் வந்த 576.02-இல்தான் நீளமான திருத்தப் பட்டியல் வந்தது. நடுவில் பலர் 2024 டிசம்பரின் 566.36 பதிப்புக்கே திரும்பிப் போனார்கள். அவர்கள் செய்தது சரி என்பதுதான் என் கருத்து. ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டரில், புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் டிரைவரை மாற்றத் தேவையில்லை. பாதுகாப்புத் திருத்தம் இருந்தாலோ, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் கேட்டாலோ மாற்றலாம்.

பழியைச் சுமந்த நாட்கள்

எதிர்ப்பக்கக் கதை இன்னும் பெரியது. 2023, 2024-இல் புதிய விளையாட்டுகளைத் திறந்ததும் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற செய்தியோடு அவை மூடிக்கொண்டன. பதினாறு, இருபத்துநான்கு ஜி.பி. நினைவகம் உள்ள கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே செய்தி. கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எதைச் சந்தேகிப்பது? டிரைவரை மாற்றினார்கள். கார்டையே மாற்றினார்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர் வைத்திருப்பவர்கள் இன்டெல்லைக் கேளுங்கள் என்று 2024 ஏப்ரலில் என்விடியாவே சொன்னது. ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே அரித்துக்கொண்டிருந்தது என்பதை ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே அரிக்கப்பட்ட ப்ராசசரை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது. பேசாமல் வேலை செய்துகொண்டிருந்த எத்தனையோ கார்டுகள் அந்த நாட்களில் குற்றவாளிக் கூண்டில் நின்றன.

2008 ஜூலையிலும் ஒன்று நடந்தது. மடிக்கணினிகளுக்கான தன் கிராபிக்ஸ் சில்லுகளில் பலவீனமான பொருள் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, வாரண்டிச் செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது என்விடியா. சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து, சில்லின் கீழே பற்றவைப்பு விட்டுப்போகும். வெளியே தெரிவது என்னவோ கோடு கோடாக ஒரு திரையும், டிரைவர் நின்றுவிட்டது என்ற செய்தியும்தான். சில்லைச் சூடாக்கி ஓடவைத்துக் கொடுக்கும் வைத்தியம் சர்வீஸ் கடைகளில் இன்றும் உண்டு. சில வாரம் ஓடும். அதை நிரந்தரத் தீர்வு என்று சொல்லிக் காசு வாங்குவது தவறு.

மறுபடி மதுரைக்கு

அன்று இரவு நாங்கள் முதலில் செய்தது காசு செலவில்லாத வேலை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். 4101 என்ற எண்ணில் பதிவு மேல் பதிவு: 'டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்கப்பட்டது.' எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று தேடினால், பதிவுகள் ஃபார்மட் அடித்த நாளோடு நின்றுவிட்டன. அதற்கு முந்தைய வரலாறு முழுக்கத் துடைத்தெறியப்பட்டிருந்தது.

அடுத்து டிரைவர். சேஃப் மோடில் போய், டி.டி.யு. என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரை வேரோடு எடுத்தோம். விண்டோஸ் குறுக்கே புகுந்து தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடாமலிருக்க நெட் கேபிளைப் பிடுங்கி வைத்தோம். மூன்று மாதம் முந்தைய பதிப்பை நிறுவினோம். போட்டோஷாப்பைத் திறந்து மாலை மாற்றும் படத்தைப் பெரிதாக்கினார். திரை கறுத்தது. மணி ஒன்று.

"முதல்முதலா எப்ப வந்துச்சு, ஞாபகம் இருக்கா தம்பி?"

அவருக்கு நினைவில்லை. ஆனால் முதல் நீலத்திரையைப் போனில் படமெடுத்து நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தேடி எடுத்தார். ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள்.

கேபினெட்டைப் பார்த்தேன். பக்கவாட்டில் சந்தனப் பொட்டும் குங்குமமும் இன்னும் இருந்தன. பூஜைக்கு முதல்நாள் கேபினெட்டைத் திறந்து, கார்டைக் கழற்றி, பிளோயரில் தூசி ஊதி, ஸ்லாட்டில் படும் தங்கக் கம்பிகளை ரப்பரால் துடைத்து, மறுபடி மாட்டியிருக்கிறார். சிரத்தையாகச் செய்த வேலை அது. திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கார்டுக்கு வரும் எட்டு முனை மின்செருகி ஆறும் இரண்டுமாகப் பிரிந்த வகை. அந்த இரண்டு முனைத் துண்டு முழுசாக உள்ளே போகவில்லை. ஒரு நகக்கண் அளவு இடைவெளி. கொக்கி மாட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சும்மா இருக்கும்போது கார்டு கொஞ்சம் மின்சாரம்தான் எடுக்கும். படத்தைப் பெரிதாக்கும் கணத்தில் சட்டென்று இழுக்கும். அந்தக் கணத்தில் சரியாகப் பொருந்தாத முனையில் மின்சாரம் தொய்ந்து, கார்டு தடுமாறி, இரண்டு விநாடி கெடு தாண்டிப்போயிருக்கிறது. ஆல்பம் காலை ஏழே முக்காலுக்கு லேபுக்குப் போனது. அதன்பிறகு இன்றுவரை 4101 பதிவு ஒன்றுகூட வரவில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

நான் பின்பற்றும் வரிசை, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. டிரைவரையும் ரேமையும் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

தொல்லை டிரைவர் அப்டேட்டுக்கு மறுநாள் ஆரம்பித்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய பதிப்புக்குப் போங்கள். அது போதவில்லை என்றால்தான் டி.டி.யு. ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் பூட்டு உள்ள கம்ப்யூட்டர், சேஃப் மோடுக்குப் போகும்போது மீட்புச் சாவி எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். டிரைவரை என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் தளத்திலிருந்தோ, மடிக்கணினி என்றால் அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். 'உங்கள் டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன' என்று விளம்பரத்தில் கத்தும் மென்பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள்.

டிரைவர் மாற்றியும் நிற்கவில்லை என்றால் சூட்டையும் மின்சாரத்தையும் பாருங்கள். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில், தூசி அடைத்த மின்விசிறியோடு ஓடும் கார்டு, டிசம்பரில் ஓடிய மாதிரி ஓடாது. வேகம் கூட்டி ஓட்டும் ஓவர்கிளாக் அமைப்பு இருந்தால் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்து எழுந்தால், சந்தேகம் டிரைவர் மேல் போகக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். பக்கம் போக வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அது போதாது.

இதெல்லாம் தாண்டியும் நின்றால், அந்தக் கார்டை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் கார்டு. அங்கே ஓடினால் கோளாறு உங்கள் கேபினெட்டுக்குள் வேறெங்கோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டாமல் புதிய கார்டு விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

▣ பெட்டிச் செய்தி: கையில் வைத்துக்கொள்ள

திரை உறைந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகக் கிளம்பும். சேமிக்காத வேலையைக் காப்பாற்ற சில நேரம் இது போதும்.

வேலைக்கான கம்ப்யூட்டர் என்றால், என்விடியாவில் 'ஸ்டூடியோ' பதிப்பையும் ஏ.எம்.டி.யில் 'ரெகமண்டட்' பதிப்பையும் போடுங்கள். விளையாட்டு வெளியாகும் நாளுக்காக அவசரமாக வரும் பதிப்புகள் உங்களுக்குத் தேவையில்லை.

என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கான முழு டிரைவர் ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 2016-இல் வந்த 1050 டி.ஐ. இந்தப் பட்டியலில்தான் வருகிறது.

செலவு யார் தலையில்?

நிறுவனங்கள் தங்கள் டிரைவரோடு ஒவ்வொரு முறையும் 'தெரிந்த கோளாறுகள்' என்று ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. அது எங்கோ ஒரு கோப்பின் உள்ளே கிடக்கிறது. அப்டேட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அந்தப் பட்டியல் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆல்பம் டிசைனருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அது மூன்று நாள் கடையில் கிடந்தால் மூன்று நாள் வருமானம் இல்லை, கெடு தவறினால் வாடிக்கையாளரும் இல்லை. கோளாறு உள்ள பதிப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

வாரண்டி கேட்டுப் போனால் 'இது சாஃப்ட்வேர் ப்ராப்ளம்' என்று கார்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. டிரைவரை எந்தத் தேதியில் சுத்தமாக மாற்றினீர்கள், அதற்குப் பிறகும் எத்தனை முறை விழுந்தது, இன்னொரு கம்ப்யூட்டரிலும் விழுந்ததா என்ற விவரம் எழுத்தில் இருந்தால் அவர்களால் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கும் மசியவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த விவரம் உங்களிடம் இருக்க வேண்டுமானால், அடுத்த முறை திரை நீலமானதும் முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீலத்திரையும் எப்படி நடந்தது என்ற பதிவு அதற்குள்தான் இருக்கிறது. அதைச் செய்த பிறகு கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்குங்கள். ஃபார்மட் அடித்துவிட்டால் அந்த ஃபோல்டர் திரும்ப வராது.